பழைய லேப்டாப்பில் எக்ஸ்எஃப்சிஇ: எதைப் போடுவது, எங்கே கை வைப்பது

கேள்வி இதுதான்: பத்து வயது தாண்டிய லேப்டாப், 4 ஜிபி ராம், சுழலும் ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 இந்த இயந்திரத்தை ஏற்கவில்லை. லினக்ஸ் பழக்கமில்லை. இலகுவான டெஸ்க்டாப் என்று எதைப் போடுவது, போட்ட பிறகு எதை எப்படி அமைத்துக்கொள்வது?

லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுங்கள்; எக்ஸ்எஃப்சிஇ என்பது இலகுவான ஒரு டெஸ்க்டாப். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன். ஆனால் அதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். 'எந்த டிஸ்ட்ரோ (நிறுவத் தயாரான லினக்ஸ் தொகுப்பு) மிக இலகு' என்ற தேடலில் பலர் வாரக்கணக்கில் அலைகிறார்கள். அந்த அலைச்சலுக்குக் கிடைக்கும் லாபம் மிகச் சிறியது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இயந்திரம் துவங்கி, எதையும் திறக்காமல் இருக்கும்போது, எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் கொண்ட முழு சிஸ்டமும் ஏறத்தாழ 600 முதல் 900 எம்பி வரை ராமை எடுக்கும். எல்எக்ஸ்கியூட்டி என்ற இன்னொரு இலகு டெஸ்க்டாப் என்றால் அதிலிருந்து ஒரு 100, 200 எம்பி குறையலாம். க்னோம் போன்ற பெரிய டெஸ்க்டாப் என்றால் ஒரு ஜிபியைத் தாண்டும். பதிப்பு, டிரைவர், கூடவே ஓடும் சேவைகள் ஆகியவற்றைப் பொறுத்து இந்த எண்கள் மாறும். இப்போது பிரவுசரைத் திறந்து மின்னஞ்சல், ஒரு வீடியோ தளம், நான்கைந்து செய்தித் தளங்கள் என்று டேப்களைப் போடுங்கள். ஒன்றரை, இரண்டு ஜிபி சர்வசாதாரணமாகப் போய்விடும். டெஸ்க்டாப்பை மாற்றி நீங்கள் மிச்சப்படுத்தியது இரண்டு டேப்களுக்குக்கூடக் காணாது. ஆகவே எக்ஸ்எஃப்சிஇ அளவுக்கு இலகுவான ஒன்றைப் போட்டதும் அந்தத் தேடலை நிறுத்திவிட்டு, மீதி உழைப்பை டிஸ்க், ஸ்வாப் (ராம் போதாதபோது கைகொடுக்கும் இடம்), பிரவுசர் என்று எடை உண்மையில் உட்கார்ந்திருக்கும் இடங்களில் செலவிடுங்கள்.

அவற்றில் முதலாவது டிஸ்க். சுழலும் ஹார்ட் டிஸ்க்கை வைத்துக்கொண்டு எந்த லினக்ஸைப் போட்டாலும் மந்தம் முழுதாகப் போகாது. ஒரு சாதாரண சாட்டா எஸ்எஸ்டி மாற்றினால், அது தரும் வேகம் கீழே நான் சொல்லப்போகும் எல்லா அமைப்புகளையும் சேர்த்தாலும் கிடைக்காது. ஹார்ட் டிஸ்க்கின் தலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்வதற்கே ஒவ்வொரு முறையும் சில மில்லி விநாடிகள் ஆகும். சிஸ்டம் துவங்கும்போதும் ஒரு நிரலைத் திறக்கும்போதும் அப்படி ஆயிரக்கணக்கான சிறுசிறு வாசிப்புகள் நடக்கின்றன. எஸ்எஸ்டியில் அந்தக் காத்திருப்பு கிட்டத்தட்ட இல்லை. பழைய லேப்டாப்களில் பெரும்பாலானவற்றின் அடிமூடியைத் திறந்தால் டிஸ்க்கும் ராம் ஸ்லாட்டும் தெரியும். ஸ்லாட் ஒன்று காலியாக இருந்தால் அதையும் நிரப்புங்கள். பணம் செலவழிக்க முடியாத நிலை என்றால் அப்படியே தொடரலாம், தவறில்லை; எதிர்பார்ப்பை மட்டும் சற்றுக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

இனி டிஸ்ட்ரோ. மின்ட் எக்ஸ்எஃப்சிஇ-யைச் சொல்வதற்குக் காரணங்கள்: 22 வரிசைப் பதிப்புகள் உபுண்டு 24.04 மீது கட்டப்பட்டவை, 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உண்டு. ஸ்னாப் என்ற பொதி முறையை மின்ட் 2020-லிருந்தே ஒதுக்கிவைத்திருக்கிறது. பழைய இயந்திரத்தில் ஸ்னாப் வழியாக வரும் ஃபயர்ஃபாக்ஸ் முதல்முறை திறக்க எடுத்துக்கொள்ளும் நேரம் பொறுமையைச் சோதிக்கும். மின்ட்டில் அந்தத் தொல்லை இல்லை. டிரைவர் மேனேஜர், அப்டேட் மேனேஜர், சிஸ்டத்தைப் பிரதி எடுத்துவைக்கும் டைம்ஷிஃப்ட் மூன்றும் முதல் நாளிலிருந்தே கையில் இருக்கும். அதிகாரப்பூர்வமாகக் கேட்கும் குறைந்தபட்சம் 2 ஜிபி ராம், பரிந்துரை 4 ஜிபி.

உபுண்டுவின் எக்ஸ்எஃப்சிஇ வடிவமான ஜூபுண்டுவும் நல்லதுதான். கொஞ்சம் அனுபவம் இருப்பவருக்கு டெபியன் 13 இன்னும் சுத்தமான தேர்வு. 2023-ல் வந்த டெபியன் 12 முதல், வைஃபை சிப் போன்றவற்றுக்கான ஃபர்ம்வேர் இன்ஸ்டாலரிலேயே சேர்ந்து வருகிறது. முன்பு புதியவர்களை விரட்டியடித்த பெரிய தடை அதுதான். 2 ஜிபி ராம்தான் என்றால் லுபுண்டு. அது 2018 அக்டோபர் பதிப்பிலிருந்து எல்எக்ஸ்கியூட்டி டெஸ்க்டாப்போடு வருகிறது. அதற்கும் கீழே, அல்லது 32 பிட் ப்ராசஸர் என்றால் ஆன்டிஎக்ஸ் பக்கம் போக வேண்டியதுதான். உபுண்டு குடும்பம் 32 பிட்டை எப்போதோ கைவிட்டது. 2025 ஆகஸ்ட்டில் வந்த டெபியன் 13-லும் 32 பிட் பிசிக்கு இன்ஸ்டாலர் இல்லை. பப்பி லினக்ஸைப் பலர் சொல்வார்கள். பென்டிரைவிலிருந்து ஓட்டவும், கெட்டுப்போன கணினியிலிருந்து ஃபைல்களை மீட்கவும் அருமையான கருவி. தினசரி வேலைக்கு, அதுவும் முதல் லினக்ஸாக, நான் பரிந்துரைக்க மாட்டேன்.

போடுவதற்கு முன்பு விண்டோஸில் செய்ய வேண்டியவை. முக்கியமான ஃபைல்களை வெளியே ஒரு டிஸ்க்கில் நகல் எடுங்கள். விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் மீட்பு எண்ணைக் குறித்து வையுங்கள். 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியை அணைத்துவிடுங்கள். அது இயங்கும்போது விண்டோஸ் முழுமையாக மூடுவதில்லை, பாதி உறக்கத்தில் இருக்கிறது; அந்நிலையில் அதன் டிரைவை லினக்ஸ் வாசிக்க மட்டுமே அனுமதிக்கும், எழுத விடாது. 'ஃபைலைச் சேமிக்க முடியவில்லை' என்று பின்னால் புலம்புகிறவர்களில் பலருக்கு நோய் இதுதான்.

ஐஎஸ்ஓ ஃபைலை (நிறுவுவதற்கான முழு லினக்ஸும் அடங்கிய ஒற்றை ஃபைல்) இறக்கியதும், அது மாறாமல் வந்திருக்கிறதா என்று காட்டும் எஸ்ஹெச்ஏ256 கூட்டை ஒப்பிடச் சொன்னால் பலர் தாவிவிடுவார்கள். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட்டின் இணையதளத்துக்குள் புகுந்தவர்கள், தரவிறக்கச் சுட்டியை உளவு நிரல் வைத்த ஐஎஸ்ஓவுக்குத் திருப்பிவிட்டார்கள். அதே தளத்தில் இருக்கும் கூட்டை மட்டும் ஒப்பிட்டால் போதாது என்பதையும் அந்தச் சம்பவம் காட்டியது, ஏனென்றால் தளம் கையில் இருப்பவர் அதையும் மாற்ற முடியும். கையொப்பத்தைச் சரிபார்க்கும் வழி மின்ட்டின் நிறுவல் கையேட்டிலேயே இருக்கிறது. கால் மணி நேர வேலை.

பென்டிரைவில் எழுத வென்டாய் அல்லது எட்ச்சர். வென்டாயில் பல ஐஎஸ்ஓக்களைச் சும்மா நகலெடுத்துப் போட்டாலே போதும் என்பதால் இரண்டு மூன்று டிஸ்ட்ரோவை ஒப்பிட்டுப் பார்க்க வசதி. துவங்கும்போது எஃப்12, எஃப்9, எஸ்கேப் ஆகியவற்றில் ஒன்று பூட் மெனுவைத் திறக்கும். லைவ் நிலையில், அதாவது நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓடும் நிலையில், உள்ளே போனதும் உடனே இன்ஸ்டால் பொத்தானை அழுத்தாதீர்கள். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, திரை வெளிச்சம் கூடிக் குறைகிறதா, டச்பேடில் இரண்டு விரல் உருட்டல் வேலை செய்கிறதா, மூடியை மூடித் திறந்தால் உறக்கத்திலிருந்து எழுகிறதா என்று பாருங்கள். கடைசிச் சோதனையைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். பழைய லேப்டாப்களில் வம்பு பண்ணுவதும் அதுதான். பென்டிரைவிலிருந்து ஓடும்போது எல்லாம் மெதுவாகத்தான் இருக்கும், வேகத்தை அதை வைத்து எடைபோட வேண்டாம்.

நிறுவல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விண்டோஸ் வேண்டாம் என்றால் முழு டிஸ்க்கையும் கொடுத்துவிடுங்கள். வேண்டும் என்றால் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே இடத்தைச் சுருக்கிக் காலியாக விட்டு, இன்ஸ்டாலரில் 'அலாங்சைட்' தேர்வைக் கொடுங்கள். உங்கள் ஃபைல்கள் இருக்கும் ஹோம் ஃபோல்டரைத் தனிப் பார்ட்டிஷனாக (டிஸ்க்கின் தனிப் பிரிவாக) வைக்கச் சொல்லும் அறிவுரை பழையது. சிறிய டிஸ்க்கில் ஒரு பக்கம் நிறைந்து இன்னொரு பக்கம் காலியாகக் கிடப்பதுதான் அதில் அடிக்கடி நடக்கும். ஒரே பார்ட்டிஷன் போதும். இரண்டு சிஸ்டமும் இருந்தால் கடிகாரம் மாறிமாறித் தவறாகக் காட்டும். விண்டோஸ் கணினியின் கடிகாரத்தை உள்ளூர் நேரமாகவும், லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் எடுத்துக்கொள்வதே காரணம். டைம்டேட்சிடிஎல் கட்டளையில் 'செட் லோக்கல் ஆர்டிசி' என்ற தேர்வை 1 ஆக்கினால் சண்டை தீரும்.

முதல் முறை உள்ளே வந்ததும் செய்ய வேண்டியவை மூன்றே. அப்டேட் மேனேஜரைத் திறந்து எல்லாவற்றையும் புதுப்பியுங்கள். டிரைவர் மேனேஜரைத் திறந்து வைஃபை, கிராஃபிக்ஸ் எதற்காவது தனி டிரைவர் காட்டுகிறதா என்று பாருங்கள். பிராட்காம் வைஃபை சிப் என்றால் பெரும்பாலும் காட்டும். டைம்ஷிஃப்ட்டை அமைத்து முதல் பிரதியை எடுத்துவிடுங்கள். அது சிஸ்டம் ஃபைல்களை மட்டும் காக்கும், உங்கள் படங்களையும் ஆவணங்களையும் இயல்பாகத் தொடாது. அவற்றுக்குத் தனி பேக்கப் வேண்டும். டைம்ஷிஃப்ட் பிரதி ஒன்று கையில் இருக்கும் தைரியத்தில்தான் மீதி எல்லாவற்றையும் பயமில்லாமல் நோண்டிப் பார்க்கலாம்.

இனி டெஸ்க்டாப். எக்ஸ்எஃப்சிஇ-யை ஒலிவியே ஃபூர்தான் 1996 இறுதியில் தொடங்கினார். வணிக யூனிக்ஸ்களில் இருந்த சிடிஇ டெஸ்க்டாப்பைப் போல ஒன்று லினக்ஸுக்கு வேண்டும் என்பதுதான் தொடக்க எண்ணம். அன்றிலிருந்து இன்றுவரை அதன் கட்டமைப்பில் மாறாத குணம் ஒன்று உண்டு: டெஸ்க்டாப் என்று நாம் பார்ப்பது ஒரே நிரல் இல்லை, தனித்தனி நிரல்களின் கூட்டம். எது எந்த வேலையைச் செய்கிறது என்று தெரிந்துகொண்டால் அமைப்பதும் எளிது, கெட்டால் சரிசெய்வதும் எளிது. எந்த அமைப்புக் கையேட்டையும் படிப்பதற்கு முன் இதை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

விண்டோவைச் சுற்றியுள்ள சட்டம், தலைப்புப் பட்டை, மூடும் பொத்தான், நகர்த்துவது, பெரிதாக்குவது எல்லாம் எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4 என்ற விண்டோ மேனேஜரின் வேலை. திடீரென்று எல்லா விண்டோக்களுக்கும் தலைப்புப் பட்டை காணாமல் போய், எதையும் நகர்த்த முடியவில்லை என்றால் அந்த ஒரு நிரல்தான் விழுந்திருக்கிறது. கணினியை மறுபடி துவக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆல்ட்டோடு எஃப்2 அழுத்தி, வரும் பெட்டியில் அதன் பெயரை ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டி என்டர் கொடுத்தால் திரும்பி வந்துவிடும். கீழேயோ மேலேயோ இருக்கும் பட்டை எக்ஸ்எஃப்சிஇ4 பேனல். அது மறைந்தாலும் இதே வைத்தியம். பின்னணிப் படமும் அதன் மேலுள்ள ஐகான்களும் எக்ஸ்எஃப்டெஸ்க்டாப். ஃபைல்கள் துனார். தீம், எழுத்துரு, மவுஸ் வேகம் போன்றவற்றைப் பிற நிரல்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பது செட்டிங்ஸ் டீமன். எல்லா ஐகான்களும் திடீரென்று தொண்ணூறுகளின் தோற்றத்துக்குப் போய்விட்டால் அது நின்றுவிட்டது என்று பொருள். இவை அனைத்தையும் எழுப்பி வரிசையாக நிறுத்துவது செஷன் மேனேஜர்.

இந்தச் செஷன் மேனேஜரில் ஒரு பொறி இருக்கிறது. லாக்அவுட் பெட்டியின் அடியில் 'சேவ் செஷன்' என்றொரு தேர்வு. அதை டிக் செய்தால் அந்த நேரத்தில் எது ஓடியதோ அதுவே அடுத்த முறையும் எழும். பேனல் விழுந்திருந்த நேரத்தில் சேமித்துவிட்டீர்கள் என்றால், ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும் பேனல் இல்லாத திரைதான். மறுநிறுவல்வரை போய்விடுபவர்கள் உண்டு; தேவையே இல்லை. செட்டிங்ஸில் 'செஷன் அண்ட் ஸ்டார்ட்அப்' திறந்து சேமித்த செஷன்களை அழித்தால் போதும். அந்தத் தேர்வை டிக் செய்யாமலே விடுவது எல்லாவற்றிலும் நல்லது.

பேனலில் வலது கிளிக் செய்து 'பேனல் பிரிஃபரன்ஸஸ்' போனால் உயரம், இடம், எத்தனை வரிசை, தானாக மறைவது எல்லாம் வரும். இரண்டாவது பேனலையும் அங்கேயே சேர்க்கலாம். 'ஐடம்ஸ்' என்ற பகுதியில் உறுப்புகளைச் சேர்க்கலாம், நீக்கலாம், மேலே கீழே நகர்த்தலாம். வழிகாட்டிகள் சொல்லாத ஒன்று: மனதுக்குப் பிடித்தபடி அமைந்ததும் 'பேனல் ப்ரொஃபைல்ஸ்' நிரலில் அதைச் சேமித்துவையுங்கள். பழைய தோற்றம் வேண்டும் என்று பிறகு தோன்றினால் ஒரு கிளிக்கில் திரும்பலாம்.

புதியவர்கள் எக்ஸ்எஃப்சிஇ மீது சொல்லும் முதல் புகார், விண்டோவின் ஓரத்தைப் பிடித்து இழுக்க முடியவில்லை என்பது. நியாயமான புகார்தான். பல தீம்களில் ஓரச் சட்டம் ஒரே பிக்சல் அகலம். டச்பேடில் அதைப் பிடிப்பது ஊசி முனையில் நூல் கோக்கிற வேலை. ஓரத்தைத் தேடவே வேண்டாம். ஆல்ட்டை அழுத்திக்கொண்டு விண்டோவின் எந்த இடத்திலாவது வலது பொத்தானால் இழுத்தால் அளவு மாறும். இடது பொத்தானால் இழுத்தால் நகரும். இந்தப் பழக்கம் கைக்கு வந்தபின் வேறு டெஸ்க்டாப்பில் உட்கார எரிச்சலாக இருக்கும். படம் வரையும் சில நிரல்கள் இதே ஆல்ட் கிளிக்கைத் தங்கள் வேலைக்கு எதிர்பார்க்கும். அப்போது 'விண்டோ மேனேஜர் ட்வீக்ஸ்' உள்ளே 'ஆக்சஸிபிலிட்டி' பகுதியில் ஆல்ட்டுக்குப் பதில் சூப்பர் விசையை (விண்டோஸ் சின்னம் உள்ள விசை) கொடுத்துவிடுங்கள்.

திரையைப் பாதியாகப் பிரித்து இரண்டு விண்டோக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க, ஒன்றை ஓரத்துக்கு இழுத்துச் சென்றால் அதுவே ஒட்டிக்கொள்ளும். விசைப்பலகையிலேயே செய்ய 'விண்டோ மேனேஜர்' உள்ளே 'கீபோர்டு' பகுதியில் 'டைல் விண்டோ' என்று தொடங்கும் வரிகளைத் தேடி, சூப்பரோடு அம்புக்குறி விசைகளைக் கொடுங்கள். நிரல்களைத் திறக்கும் குறுக்குவழிகள் மட்டும் இங்கே இல்லை. அவை 'கீபோர்டு' என்ற தனிச் செட்டிங்கில் இருக்கின்றன. விண்டோவைக் கையாள்வது ஒரு நிரல், கட்டளைகளை எழுப்புவது வேறொரு நிரல் என்பதால் இந்தப் பிரிவினை. அது தெரியாமல் ஒன்றில் தேடி இன்னொன்றில் கண்டுபிடிப்பவர்கள் ஏராளம்.

துனாரைப் பற்றிச் சொல்லாமல் போக மனமில்லை. பல ஃபைல்களைத் தேர்ந்தெடுத்து எஃப்2 அழுத்தினால் மொத்தமாகப் பெயர் மாற்றும் பெட்டி திறக்கும்: எண் வரிசை, தேதி, தேடி மாற்றுவது எல்லாம் உண்டு. எஃப்3 அழுத்தினால் விண்டோ இரண்டாகப் பிரியும். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் இழுத்துப் போடலாம். ஆனால் அதன் உண்மையான பலம் 'எடிட்' மெனுவில் ஒளிந்திருக்கும் 'கஸ்டம் ஆக்ஷன்ஸ்'. வலது கிளிக் மெனுவில் உங்கள் சொந்தக் கட்டளையைச் சேர்க்கும் வசதி அது. எடுத்துக்காட்டாக இமேஜ்மேஜிக்கை நிறுவி, படங்களின் அகலத்தை 1600 பிக்சலாகச் சுருக்கும் அதன் கட்டளையை எழுதி, இறுதியில் சதவீதக் குறியும் ஆங்கிலப் பெரிய எழுத்து எஃப்-உம் போடுங்கள். தேர்ந்தெடுத்த எல்லா ஃபைல்களின் பெயரும் அந்த இடத்தில் வந்து நிற்கும். சிறிய எழுத்து என்றால் ஒரே ஒரு ஃபைல். பக்கத்துப் பகுதியில் 'இமேஜ் ஃபைல்ஸ்' மட்டும் டிக் செய்தால் படங்களின் மீது வலது கிளிக் செய்யும்போது மட்டும் அந்த வரி தெரியும். மின்னஞ்சலில் அனுப்புவதற்கு முன் நாற்பது படங்களைச் சுருக்க வேறு எந்த நிரலும் திறக்க வேண்டாம். சுருக்கும் கட்டளைகளில் சில மூலப் படத்தின் மீதே எழுதிவிடும் என்பதால் நகல் எடுத்த ஃபோல்டரில் முதலில் முயன்று பாருங்கள்.

நீங்கள் மாற்றுகிற டெஸ்க்டாப் அமைப்புகளில் பெரும்பாலானவை உங்கள் ஹோம் ஃபோல்டரில், புள்ளியோடு பெயர் தொடங்கும் 'கான்ஃபிக்' என்ற மறைந்த ஃபோல்டருக்குள் எக்ஸ்எஃப்சிஇ4 என்ற பெயரில் இருக்கின்றன. துனாரில் கன்ட்ரோலோடு ஹெச் அழுத்தினால் மறைந்தவை தெரியும். உள்ளே எக்ஸ்எம்எல் ஃபைல்களைப் பார்த்ததும் நேரடியாகத் திருத்தக் கை போகும். வேண்டாம். எக்ஸ்எஃப்கான்ஃப் என்ற சேவை அவற்றை நினைவில் வைத்திருக்கிறது. உங்கள் திருத்தத்தின் மேலேயே தன் பழைய மதிப்பை எழுதிவிடும். 'செட்டிங்ஸ் எடிட்டர்' வழியாக மாற்றினால் உடனே பலிக்கும். எல்லாம் குழம்பி முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றால், லாக்அவுட் செய்து, கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி எழுத்துத் திரைக்குப் போய், அந்த ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டுத் திரும்பி வாருங்கள். டெஸ்க்டாப் புத்தம் புதிதாக எழும், உங்கள் ஆவணங்களுக்கு ஒன்றும் ஆகாது. பெயரை மாற்றுங்கள் என்கிறேன், அழிக்க வேண்டாம். பழையதில் ஏதாவது வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது மறுபடி ராம் கணக்கு. டெர்மினலில் 'ஃப்ரீ' கட்டளையைக் கொடுத்தால் வரும் அட்டவணையில் 'ஃப்ரீ' என்ற நெடுவரிசை 150 எம்பி என்று காட்டும், பார்த்ததும் பதறுவார்கள். பார்க்க வேண்டியது கடைசியில் இருக்கும் 'அவைலபிள்'. காலியாகக் கிடக்கும் ராமை டிஸ்க்கிலிருந்து படித்தவற்றின் நகலை வைத்திருக்க லினக்ஸ் பயன்படுத்திக்கொள்கிறது, ஒரு நிரல் கேட்டால் அந்த இடத்தை உடனே விட்டுக்கொடுக்கும். அந்தக் கேஷை அவ்வப்போது காலி செய்யும் 'ராம் க்ளீனர்' ஸ்கிரிப்டுகளை யாராவது கொடுத்தால் ஓட்டாதீர்கள். படித்ததை மறக்கவைத்து மறுபடி டிஸ்க்கிலிருந்து படிக்கவைப்பதுதான் அவற்றால் நடப்பது.

4 ஜிபி இயந்திரத்தில் நிஜமான பலன் தருவது ஸீராம். ராமின் ஒரு பகுதியைச் சுருக்கிவைக்கும் ஸ்வாப்பாக மாற்றும் கெர்னல் வசதி இது. சற்று நேரம் தொடாத நினைவுப் பக்கங்கள் டிஸ்க்குக்குப் போவதற்குப் பதில் ராமுக்குள்ளேயே சுருங்கி உட்காரும். பொதுவாக இரண்டு மூன்று மடங்கு சுருங்கும். ப்ராசஸருக்குக் கொஞ்சம் வேலை கூடும், ஆனால் ஹார்ட் டிஸ்க்குக்குப் போய் வருவதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. 'ஸீராம் டூல்ஸ்' என்ற பொதியை நிறுவி, அதன் அமைப்பு ஃபைலில் அளவை 50 சதவீதமாகவும், சுருக்கும் முறையை இசட்எஸ்டிடி ஆகவும் வைத்து, சேவையை மறுபடி துவக்குங்கள். ஸ்வாப்பை எவ்வளவு தாராளமாகப் பயன்படுத்துவது என்று சொல்லும் ஸ்வாப்பினஸ் என்ற மதிப்பு இயல்பாக 60. அதை 10-க்குக் குறைக்கச் சொல்லும் பழைய அறிவுரை எங்கும் கிடக்கும். அது டிஸ்க் ஸ்வாப்புக்குச் சொன்னது. ஸீராம் இருக்கும்போது 100-ஐ ஒட்டி ஏற்றுவதுதான் பொருத்தம்.

அதோடு 'ஏர்லிஊம்' பொதியையும் போட்டுவிடுங்கள். ராம் முழுதாக நிறைந்தால் லினக்ஸ் டெஸ்க்டாப் மவுஸ்கூட நகராமல் நிமிடக்கணக்கில் உறைந்துபோவது உண்டு. ஏர்லிஊம், இருக்கும் ராமும் ஸ்வாப்பும் இயல்பாக 10 சதவீதத்துக்குக் கீழே போனதும், அதிகம் தின்னும் நிரல் ஒன்றை மூடிவிடும். பெரும்பாலும் பலியாவது பிரவுசரின் ஒரு டேப். முழு இயந்திரமும் உறைவதற்கு அது எவ்வளவோ மேல்.

'செஷன் அண்ட் ஸ்டார்ட்அப்' உள்ளே தானாகத் துவங்குபவற்றின் பட்டியல் இருக்கிறது. பிரிண்டர் இல்லாதவர் பிரிண்டர் ஆப்லெட்டையும், புளூடூத் தேவைப்படாதவர் புளூமேனையும் நிறுத்தலாம். 'பால்கிட்' என்று பெயர் கொண்ட வரியைத் தொட வேண்டாம். அது இல்லாவிட்டால் கடவுச்சொல் கேட்கும் பெட்டியே வராது, நிர்வாக வேலை எதுவும் நடக்காது. விண்டோ நிழல்களுக்கும் ஒளிபுகும் தன்மைக்கும் பொறுப்பான காம்போசிட்டரை அணைக்கலாமா என்று கேட்பார்கள். இன்டெல் கிராஃபிக்ஸ் உள்ள இயந்திரத்தில் நான் அணைக்க மாட்டேன். மிச்சமாவது சொற்பம், வீடியோ ஓடும்போது படம் குறுக்கே கிழிபடத் தொடங்கலாம். மிகப் பழைய கிராஃபிக்ஸ் சிப் என்றால் அணைத்துப் பார்த்து, எது மென்மையாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

பிரவுசரில் விளம்பரத் தடுப்பான் போடுவது இந்த இயந்திரங்களில் கட்டாயம். யூபிளாக் ஆரிஜின் ஒன்றே போதும்; அதற்கு மேல் நீட்சிகளைச் சேர்க்கச் சேர்க்க ராம் போகும். வீடியோ பார்க்கும்போது மின்விசிறி அலறினால் காரணம் பெரும்பாலும் கோடெக், அதாவது வீடியோவைச் சுருக்கி அனுப்பும் முறை. வீடியோ தளங்கள் விபி9 அல்லது ஏவி1 வடிவில் அனுப்பும். 2016-க்கு முந்தைய பெரும்பாலான இன்டெல் சிப்புகளில் இவற்றை முழுமையாக விரிக்கும் வன்பொருள் இல்லை, ப்ராசஸரே முக்கி முனகிச் செய்ய வேண்டியிருக்கும். ஹெச்.264 வடிவை மட்டும் கேட்டு வாங்கும் சிறு நீட்சி ஒன்றைப் போட்டால் வேலை கிராஃபிக்ஸ் சிப்புக்குப் போய்விடும். ஃபயர்ஃபாக்ஸ் 2023-ல் வந்த 115-ஆம் பதிப்பிலிருந்து லினக்ஸில் இன்டெல் சிப்புகளின் வன்பொருள் விரிப்பைத் தானாகவே பயன்படுத்துகிறது. தெளிவை 720-க்குக் குறைப்பதும் கூச்சப்பட வேண்டிய விஷயமில்லை, அந்தச் சிறிய திரையில் வித்தியாசம் தெரியாது.

தமிழில் தட்ட, கீபோர்டு செட்டிங்கில் இருக்கும் தமிழ் லேஅவுட்டைச் சேர்த்துவிட்டு 'தமிழ்99 சரியாக வரவில்லை' என்பவர்கள் உண்டு. அந்த லேஅவுட் ஒரு விசைக்கு ஒரு எழுத்து என்று மட்டும் அறியும். தமிழ்99-இல் ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழ வேண்டும். முன்பின் எழுத்தைப் பார்த்து முடிவெடுக்கும் அந்த வேலைக்கு ஐபஸ் அல்லது எஃப்சிஐடிஎக்ஸ்5 என்ற உள்ளீட்டு நிரல் வேண்டும். கூடவே எம்17என் பொதியைப் போட்டால் தமிழ்99, ஃபொனட்டிக், தட்டச்சு மூன்றும் கிடைக்கும். மின்ட்டில் 'இன்புட் மெத்தட்' என்ற கருவி இதை வழிநடத்தும். முடிந்ததும் ஒருமுறை லாக்அவுட் செய்ய வேண்டும். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ். எழுத்து சிறியதாகத் தெரிந்தால் 'அப்பியரன்ஸ்' உள்ளே 'ஃபான்ட்ஸ்' பகுதியில் டிபிஐயை 96-லிருந்து 110, 120 என்று ஏற்றிப் பாருங்கள். ஒன்றரை மடங்கு போன்ற இடைநிலைப் பெரிதாக்கலில் எக்ஸ்எஃப்சிஇ பலவீனம்தான். பழைய லேப்டாப் திரைகளுக்கு அது தேவைப்படுவதும் அரிது.

திரையில் விண்டோக்களைக் காட்டும் பழைய முறையான எக்ஸ்11-க்குப் பதிலாக வரும் வேலண்ட் பற்றிக் கேள்விப்பட்டுக் கவலைப்படுகிறவர்களுக்கு: 2024 டிசம்பரில் வந்த எக்ஸ்எஃப்சிஇ 4.20-ல் அது சோதனை நிலையில்தான் இருக்கிறது. எக்ஸ்11-லேயே இருங்கள், இந்த வயது இயந்திரத்துக்கு அதனால் இழப்பு எதுவும் இல்லை.

நிரல்களை சாஃப்ட்வேர் மேனேஜரிலிருந்தே எடுங்கள். இணையத்தில் எங்கோ கிடைத்த பிபிஏவை (தனிநபர்கள் நடத்தும் பொதிக் களஞ்சியம்) சேர்த்து, அதன் பொதிகள் சிஸ்டம் பொதிகளோடு மோதி, அப்டேட் நின்றுபோவதுதான் பழகத் தொடங்கியவர்களின் இயந்திரங்களில் அதிகம் பார்க்கும் கோளாறு. ஃப்ளாட்பேக் என்ற தனிப் பொதி முறையைப் பயன்படுத்தலாம், ஆனால் முதல் நிரலோடு அதற்கான அடித்தளப் பொதிகளும் சேர்ந்து இறங்கும். சிறிய எஸ்எஸ்டி என்றால் இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அலுவலக வேலைக்கு லிப்ரே ஆஃபிஸ் ஏற்கெனவே இருக்கிறது. முதல்முறை மெதுவாகத் திறந்தால் பதறாதீர்கள், ஒரே அமர்வில் இரண்டாம் முறை மேலே சொன்ன கேஷிலிருந்தே எழும்.

எஸ்எஸ்டி மாற்றுவதானால் நிறுவலுக்கு முன்பே மாற்றிவிடுங்கள். பிறகு மாற்றினால் குளோன் செய்வதா, மறுபடி நிறுவுவதா என்ற கேள்வி வரும். மறுபடி நிறுவுவதே நேரம் குறைவு: ஹோம் ஃபோல்டரை அந்த மறைந்த கான்ஃபிக்கோடு சேர்த்து நகலெடுத்து, புதிய நிறுவலில் அதே பயனர் பெயரைக் கொடுத்து, நகலை அதே இடத்தில் கொட்டினால் பேனல், குறுக்குவழிகள், துனார் கட்டளைகள் எல்லாம் விட்ட இடத்தில் இருக்கும். ஸீராம், ஏர்லிஊம் போன்ற சிஸ்டம் அமைப்புகளை மட்டும் மறுபடி செய்ய வேண்டும்.